உறைபனியும் ஐந்து கோழிகளும்

இன்று விடியற்காலையில், உதகையில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துப் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி படர்ந்து கிடக்க, கோழிகளின் தண்ணீர்ச் சட்டியில் மெல்லிய பனிக்கட்டி கட்டியிருக்கக் கண்டு, மனம் பதைத்துக் கூண்டைத் திறந்தேன்.

ஐந்தும் க்ஷேமமாகவே இருந்தன.

இறகுகளைச் சிலிர்த்து, அவற்றினிடையே அகப்பட்ட காற்றையே கம்பளியாக்கி, ஏறத்தாழ 41 டிகிரி தேக உஷ்ணத்தைக் காத்துக்கொள்ளும் அந்த ஜீவன்களுக்கு, வறண்ட குளிரைவிட ஈரக்குளிரே பெரிய சத்துரு என்பதை, நேற்றிரவு அன்பின் மிகுதியால் எல்லா இடுக்குகளையும் சாக்கால் அடைத்துவிட்ட நான், அவற்றின் மூச்சே நீராகித் தகரக் கூரையின் உட்புறம் துளித்துளியாய்த் தொங்கியதைப் பார்த்த பிறகே உணர்ந்தேன்.

உடனே, குளிர்காற்று நேரே தாக்காத உயரத்தில், கூரையை ஒட்டி ஒரு திறப்பு விட்டேன்.

நனைந்த வைக்கோலை அகற்றி, உலர்ந்ததைக் கனமாகப் பரப்பினேன்.

உறங்கப்போகுமுன், இரவெல்லாம் ஜீரணமாகி உடலுக்குச் சூடு தரும்படி, ஒரு பிடி மக்காச்சோளம் இடுவதென்று சங்கற்பம் செய்துகொண்டேன்.

பகல் குறுகிய மார்கழியில் முட்டை குறைவது இயற்கையே. அதில் எனக்கு வருத்தமில்லை.

இந்தப் பனிக்காலத்தில் உங்கள் வீட்டு ஜீவன்களை எவ்விதம் காக்கிறீர்கள், நண்பர்களே?