மாமாவா, அத்தானா?

முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க. ஒருத்தரைக் காட்டி ஒரு பெண் சொல்றா: "இவரோட அம்மாவுக்கு ஒரே மகள். அந்த மகள்தான் என் அம்மா." அப்போ அவர் அவளுக்கு என்ன முறை?

(அ) சித்தப்பா (ஆ) மாமா (இ) அத்தை மகன் (ஈ) அண்ணன்

தென்காசியில போட்டித் தேர்வு வகுப்புல, 'ரத்த உறவுகள்' பாடத்துல வந்தது. வகுப்பே 'ஆ'ன்னு கத்துச்சு. நான் மட்டும் 'ஆ'வுக்கும் 'இ'க்கும் கை தூக்கினேன். ஒரே சிரிப்பு. "ஒரு கேள்விக்கு ஒரு விடைதாம்மா"ன்னார் சார்.

எங்க வீட்டுக்கு ரெண்டுமே சரி. அப்பா கட்டினது சொந்த அக்கா மகளை. அதனால அம்மாவைப் பெத்த ஆச்சி, அப்பாவுக்கு அக்கா. அந்த வழியில எனக்கு அத்தை. ஆச்சியோட மகன் அம்மாவுக்குத் தம்பி, எனக்கு மாமா. அத்தை பெத்த பிள்ளைங்கிறதால அத்தானும் அவரேதான். தலை சுத்துதுன்னா படம் போட்டுப் பாருங்க :-)

வேதாளம் சொன்ன கடைசிக் கதையும் இதே மாதிரிதான். அப்பன் மகளைக் கட்டுறான், அவன் மகன் அந்தப் பொண்ணோட அம்மாவைக் கட்டுறான். பிறக்குற பிள்ளைகள் ஒண்ணுக்கொண்ணு என்ன முறைன்னு கேட்டதுக்கு விக்கிரமாதித்தனே வாயடைச்சுப் போனான்.

ஆனா நம்ம முறை குழப்பம் இல்லை, ஒழுங்கான கணக்கு. பெரியப்பா, சித்தி பிள்ளைகள் அண்ணன் தங்கை. அத்தை, மாமா பிள்ளைகள் கட்டிக்கிற முறை. மார்கன்ங்கிற அமெரிக்கர் 1871-ல வெளியிட்ட புத்தகத்துல, தமிழ் முறையையும் அமெரிக்கப் பூர்வகுடிகளான செனெகா மக்களோட முறையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒத்துமையைக் காட்டினார். ஆங்கிலத்துல சித்தப்பாவும் 'அங்கிள்', தாய்மாமனும் 'அங்கிள்'. அந்த மொழியில யோசிச்ச கேள்விக்கு எங்க வீடு அடங்கலை.

அதே கேள்வி வீட்டுக்கும் வந்துச்சு. "ஏட்டி, ரெண்டு வழியிலயும் உனக்கு அவன் முறைதான? பிறகென்ன யோசனை?"ன்னா ஆச்சி.

அன்னிக்கு ராத்திரி நோட்டை எடுத்து வேற கணக்குப் போட்டேன். சாதாரணமா தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவுல சராசரியா 8-ல 2 பங்கு பொது. எனக்கு அம்மா வழியில அந்த 2. அப்பா வழியில இன்னொரு 1. மொத்தம் 8-ல 3. கூடப் பிறந்தவங்களுக்கு 8-ல 4.

காலையில ஆச்சி பக்கத்துல உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். "ரெண்டு வழியில முறைன்னா ரெண்டு வழியில ரத்தம் ஆச்சி. இன்னும் ஒரு பங்கு கூடினா அவங்க எனக்கு அண்ணன்."

ஆச்சி பதில் சொல்லலை. திண்ணையில இருந்த மாமாதான் சொன்னாங்க, "விடும்மா. நான் தூக்கி வளர்த்த பிள்ளை அது."

வகுப்புல திரும்ப அந்தக் கேள்வி வந்தா 'ஆ'ன்னு மட்டும்தான் கை தூக்குவேன்.