ஒனிக்கனிலிருந்து அசாபாவுக்கு

நைஜீரியாவின் லாகோஸில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது முன்னாள் ராணுவ ஆட்சியாளர் ஒருவரின் பெயர்: முர்த்தலா முகமது பன்னாட்டு விமான நிலையம். 20 நைரா தாளிலும் அவர் முகம்தான். ஒனிக்கன் பகுதியிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட காரே நிற்கிறது.

கறுப்பு மெர்சிடிஸ். முன்கண்ணாடியில் தோட்டா துளைத்த இடங்களைச் சுற்றி விரிசல் ஓடியிருக்கிறது. நோக் சுடுமண் சிற்பங்களையும் பெனின் வெண்கலங்களையும் வேகமாகக் கடந்த பள்ளிப் பிள்ளைகள் இங்கே வந்ததும் நின்றுவிட்டார்கள்.

1975 ஜூலை 29. அதிபர் கோவோன் கம்பாலாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் மாநாட்டில் இருந்த நேரம். ராணுவம் அவரை நீக்கிவிட்டு பிரிகேடியர் முர்த்தலாவை அமர்த்தியது. ரத்தம் சிந்தவில்லை. அவர் ஆண்டது ஆறரை மாதம். அதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள். 12 மாநிலங்கள் 19 ஆயின. தலைநகரை அபுஜாவுக்கு மாற்ற முடிவாயிற்று. 1979 அக்டோபரில் ஆட்சியை மக்கள் பிரதிநிதிகளிடம் கொடுப்பதாக நாளும் குறித்தார். அவருக்குப் பின் வந்த ஒபசாஞ்சோ அதைக் காப்பாற்றினார்.

முர்த்தலா காவல் வண்டிகள் இல்லாமல்தான் அலுவலகம் போவார். 1976 பிப்ரவரி 13 காலை, இகோயியில் கார் நெரிசலில் ஊர்ந்தபோது லெப்டினன்ட் கர்னல் டிம்காவின் கூட்டத்தார் சுட்டார்கள். முர்த்தலாவுக்கு அப்போது வயது 37. அந்தப் பக்கம் நான் போனபோதும் 'கோ-ஸ்லோ'தான். லாகோஸ்காரர்கள் நெரிசலை அப்படித்தான் சொல்கிறார்கள். "அவர் இருந்திருந்தா எங்க நாடு இப்படி ஆகியிருக்காது, சார்" என்றார் டாக்சி ஓட்டுநர். அவர் குரல் தழுதழுத்தது.

அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் நைஜர் நதிக்கரையிலுள்ள அசாபாவுக்குப் போகாமல் முர்த்தலாவின் கதையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 1967 அக்டோபரில், உள்நாட்டுப் போரின்போது, முர்த்தலா தலைமையிலான இரண்டாம் டிவிஷன் அந்த ஊருக்குள் நுழைந்தது. 'அக்வா ஓச்சா' என்ற வெள்ளைக் கைத்தறி உடுத்தி, 'ஒரே நைஜீரியா' என்று முழங்கி ஆடிக்கொண்டே ஊரார் வரவேற்கப் போனார்கள். சிப்பாய்கள் ஆண்களையும் பையன்களையும் தனியே பிரித்துச் சுட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். ஒரே குடும்பத்தில் அப்பனும் பிள்ளைகளும் சேர்ந்து போன வீடுகள் உண்டு. படை அவருடையது, பொறுப்பும் அவருடையதே என்பேன்.

லாகோஸ் போகிறவர்கள் அசாபாவையும் சேர்த்தே திட்டம் போடுங்கள். விடியற்காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம்.