உறைக்குள் அடங்காத நீளம்

மூன்று வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் நண்பர் ஒருவரின் மொழிபெயர்ப்புக் கதையைப் பற்றி எழுதியிருந்தேன். அமெரிக்கக் கதை. வயோமிங் மலைகளில் குதிரையேறித் தனியாக வேட்டைக்குப் போகிற ஒருவனைப் பற்றியது. ‘மூலத்தின் ஜடமான விவரணைகளை மூட்டையோடு சுமந்து வருகிற மொழிபெயர்ப்பு’ என்று ஒரு வாக்கியம் எழுதினேன். எழுதியபோது அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நண்பர் பதில் எழுதவில்லை. அதன்பின் அவர் எதையும் மொழிபெயர்க்கவும் இல்லை.

ஜடம் என்று நான் சொன்னது ஒரு பத்தியைத்தான். வேட்டைக்காரன் விடியலில் புறப்படுமுன் துப்பாக்கியின் முனையிலிருக்கும் சைலன்சரைத் திருகிக் கழற்றுகிறான். துணியில் சுற்றிச் சேணப்பையில் வைக்கிறான். அறையில் தோட்டா இல்லை என்று இரண்டுமுறை பார்த்துக்கொள்கிறான். துப்பாக்கியை அங்கவடி வாருக்குக் கீழே சாய்வாகக் கட்டியிருக்கும் தோலுறைக்குள் செருகுகிறான். பிறகு ஏறுகிறான். பதினோரு வரிகள். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தேன். கதை முடிவில் காயம்பட்ட மான் பனியில் ரத்தம் சிந்திக்கொண்டே இருட்டில் மறைந்துவிடுகிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு, மனித எத்தனத்தின் அடிப்படையான தோல்விக்கு அது குறியீடு என்று ஒன்றரைப் பக்கம் விரித்திருந்தேன். (எல்க் மானுக்கு நண்பர் ‘மரை’ என்று போட்டிருந்தார். இலங்கையில் வெள்ளைக்காரர்கள் நம் மரையை எல்க் என்று எழுதிவைத்த பழைய பிசகுக்கு நல்ல பதிலடி. இதைக்கூட நான் பாராட்டவில்லை.)

எங்கள் கிளையில் காவலுக்கு இருப்பவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார். இரட்டைக் குழல் துப்பாக்கியோடு வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். போன மாசம் ஒருநாள், சாப்பாட்டு வேளையில், பேச்சு வேட்டையின் பக்கம் போகவே, அவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். நான் அலட்சியமாக, ‘குழலைக் கழட்டிப் பையில வச்சிட்டுக் குதிரை ஏறுறான்’ என்று தாண்டிப் போனேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

“கழட்டிட்டானா? திரும்ப மாட்டிட்டுத்தானே சார் சுட்டான்?”

“இல்லண்ணே. மானைத் திடீர்னு பாத்துட்டு அப்படியே எடுத்துச் சுட்டுட்டான்.”

“அப்ப எப்படி சார் சரியா படும்? நாங்க பயனெட்டு மாட்டிச் சுட்டா ஒரு எடத்துல படும், கழட்டிச் சுட்டா வேற எடத்துல படும். மொனையில எடை மாறிச்சுன்னா குறியும் மாறிடும்ல.”

கதை அவ்வளவுதான். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிய எனக்குத் தெரியாதது அவருக்கு மோர்சாதத்தோடு தெரிந்துவிட்டது.

பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். சினிமா நம் மண்டையில் ஏற்றியிருக்கிற சைலன்சர், கொலைகாரன் கோட்டுக்குள்ளிருந்து எடுக்கும் சின்னக் குழாய். ‘புஸ்’ என்று ஒரு சத்தம். வேட்டைத் துப்பாக்கியில் மாட்டுவது ஆறேழு அங்குல நீளம், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பருமன். சத்தத்தை அது கொல்வதில்லை. ஏறத்தாழ 160 டெசிபல் வெடிப்பை 130 சொச்சத்துக்கு இறக்குகிறது. காதுக்குக் கேடு தொடங்கும் எல்லை 140. ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தம் அப்படியே இருக்கும். ஆக, இது ரகசியத்துக்கான கருவி என்பதைவிடக் காதுக்கான கருவி. 1909இல் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஹிராம் பெர்சி மாக்ஸிம். அவருடைய அப்பாதான் மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர்; அந்தச் சத்தத்திலேயே செவிடாகிப் போனவர். 1934இல் அமெரிக்க அரசு இந்தக் குழாய்க்கு 200 டாலர் வரி போட்டது. இன்று வயோமிங் உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் வேட்டைக்கு இதை அனுமதிக்கிறார்கள்.

சிக்கல் குதிரையில்தான். தோலுறை மெலிந்த குழலுக்கென்று அளவெடுத்துத் தைத்தது. அதன் மேல்தான் சவாரிக்காரனின் தொடை படிகிறது. முனையில் குழாயோடு செருகினால் உள்ளே போகாது. போனாலும் நீளம் மிஞ்சிப் புதரில் மாட்டும், குதிரையின் பின்னங்காலில் இடிக்கும். நீண்ட உறைகளும் செய்கிறார்கள். அதனால் புதர் விலகிவிடாது. சுட்ட சூட்டோடு உறையில் வைக்கவும் முடியாது. மோட்டார் சைக்கிள் சைலன்சரில் கெண்டைக்கால் வெந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. முதுகில் மாட்டிக்கொள்ளலாம் என்றால், விழும்போது துப்பாக்கி மேலேயே விழவேண்டிவரும். குதிரையிலேயே விட்டால், அது மிரண்டு ஓடும்போது துப்பாக்கியும் போய்விடும். எனவே கழற்றி வைக்கிறான். மாட்டிய நிலையில் குறி சரிபார்த்த துப்பாக்கி அது. கழற்றிச் சுட்டால் நூறு கஜத்திலேயே குண்டு சில அங்குலம் தள்ளிப் போகலாம். விறைத்த விரல்களால் மரையைப் பிடித்துத் திருக அவகாசமில்லை. இறங்குகிறான், உருவுகிறான், சுடுகிறான்.

பனியில் கிடந்த அவ்வளவு ரத்தமும் அந்தப் பதினோரு வரிகளில் இருந்தது. கதாசிரியன் ஒளித்தும் வைக்கவில்லை. சேணப்பையில் வைத்ததாகச் சொல்லியே இருக்கிறான். மொழிபெயர்த்தவர் ஒரு சொல்லும் விடாமல் கொண்டுவந்திருக்கிறார். அவருக்கு இது புரிந்திருந்ததா, விசுவாசத்தினால் மட்டும் செய்தாரா என்று கேட்டு எழுதலாம். இரண்டு கடிதங்கள் தொடங்கிக் கிழித்தேன். மன்னிப்புக் கடிதத்திலும் எனக்கு வாக்கியங்கள் நன்றாக வந்துவிடுகின்றன.

ஸ்தூலமான பொருளைக் கண்டதும் அதைத் தாண்டிக் குதித்து அர்த்தத்துக்கு ஓடுவது எனக்கு எப்போது பழக்கமாயிற்று என்று யோசித்துப் பார்க்கிறேன். பாங்கில் நான் அப்படியில்லை. ஒரு காசோலையில் தேதி, தொகை, கையெழுத்து என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல் முத்திரை குத்தியதில்லை.

ஹவில்தார் டிபன் பாக்ஸைக் கழுவி வந்து இன்னொன்று கேட்டார்: “குழாய் இல்லாம சுட்டிருக்கான், சத்தம் பெரிசா இருந்திருக்கும். குதிர நின்னுச்சா சார்?”

என் கட்டுரையில் குதிரையே இல்லை. கதையில் என்ன ஆயிற்று என்று எனக்கு ஞாபகமும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய இதழைத் தேடி எடுத்தேன். ஓடியிருக்கிறது, சேணப்பையோடு. கடைசிக்கு முந்தைய பத்தி. நான் பென்சிலால் கோடிட்டிருந்தது அதற்கு அடுத்த பத்தியை.