எங்கள் வீட்டுச் சரசு

முட்டை என்ற பேச்சை எடுத்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வளர்ந்தவள் நான். அப்படிப்பட்டவள் இன்று காலையில் எழுந்ததும் கோழிகளுக்குத் தீனி வைக்கிறேன், அதுவும் அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்தை ஒட்டிய ஓர் ஊரில் என்றால் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு மகள் என்னைத் தன்னோடு அழைத்து வந்துவிட்டாள். மாப்பிள்ளைக்குக் கோழி வளர்ப்பதில் ஒரு பைத்தியம். முதல் நாள் கொல்லைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் முழங்காலைத் தாண்டிய உயரம். வெள்ளை வெளேரென்ற உடம்பு. கழுத்தில் கறுப்புக் கோடுகள். கால் விரல் வரைக்கும் இறகு, பைஜாமா மாட்டிவிட்டதுபோல!

"இது கோழியா, கன்றுக்குட்டியா?" என்று கத்திவிட்டேன்.

"பிரம்மா ஜாதி, அத்தை! பெட்டையே நாலு கிலோவுக்கு மேல் இருக்கும். சேவல் ஐந்தரை கிலோ வரும்" என்றார் மாப்பிள்ளை பெருமையாக.

நன்றாக இருக்கிறதே நியாயம்! பிரம்மாவைச் சிறையில் அடைத்தவன் முருகன். அந்த முருகனின் கொடியில் இருக்கிற பறவைக்குப் பிரம்மாவின் பெயரா? பிறகுதான் விஷயம் தெரிந்தது. இது நாலு தலைப் பிரம்மா அல்ல. நம் பிரம்மபுத்ரா நதியின் பெயர்தான் சுருங்கிப் போயிருக்கிறது. 1840-களில் சீனாவின் ஷாங்காய் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பெருங்கோழிகளின் வம்சம் இது. சிட்டகாங் பக்கத்துக் கோழிகளின் கலப்பும் உண்டு என்பார்கள். 1852-ல் ஜார்ஜ் பர்ன்ஹாம் என்பவர் விக்டோரியா மகாராணிக்கு ஒன்பது கோழிகளைக் கப்பலேற்றிப் பரிசாக அனுப்பினாராம். மகாராணி வரைக்கும் போனதை நான் மட்டும் வேண்டாம் என்றால் நடக்குமா?

மூன்று பெட்டைகள். பிரம்மா வீட்டுப் பெண்கள் ஆயிற்றே என்று சரசு, காயத்ரி, சாவித்திரி என்று நானே பெயர் வைத்தேன். பேத்திக்கு ஒரே குதூகலம்.

இவற்றின் குணத்தைச் சொல்ல வேண்டும். உடம்புதான் பெரிசு, மனசு பச்சைக் குழந்தை. கொத்தாது, விரட்டாது. பறக்கவும் சோம்பல், இடுப்புயர வேலியே போதும். குளிருக்கும் அஞ்சாது. கொண்டை பட்டாணி வரிசைபோலச் சிறிசு, ஆகையால் பனியில் சுலபமாக விறைத்துப் போவதில்லை. மற்ற ஜாதிக் கோழிகள் ஓய்ந்துபோகும் மார்கழி, தை மாதங்களிலும் இவை முட்டையிடும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கால் இறகில் சேறும் ஈரமும் தங்கினால் ஆபத்து. அதைத் துடைத்து உலர்த்துகிற உத்தியோகம் என்னுடையது. அப்போதெல்லாம் சரசு என் மடியில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள்.

சரசுவுக்கு வயது ஆறு ஆயிற்று. சென்ற குளிர்காலத்தில் அவள் ஒரு முட்டைகூட இடவில்லை. ஒரு நாள் இரவு, சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை சாதாரணமாகச் சொன்னார்:

"சரசுவுக்குத் தீனி போடுவது தண்டச் செலவு. பண்ணைக்காரர் ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாம்."

பண்ணைக்காரர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? சோறு தொண்டையில் இறங்கவில்லை. அந்த வருஷம்தான் என் முழங்கால் அடியோடு மக்கர் செய்திருந்தது. சமையலை மகள் எடுத்துக்கொண்டாள். பேத்தியும் வளர்ந்துவிட்டாள், தலை பின்னக்கூட நான் வேண்டியதில்லை. அன்று இரவு தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தேன். எதை நினைத்துப் புரண்டேன் என்று உங்களில் சிலருக்கு நான் சொல்லவே வேண்டாம்.

காலையில் காபியைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டுவிட்டேன்: "மாப்பிள்ளை, முட்டையிட்டால்தான் சோறு என்றால், நான் எந்தக் கூடையில் போய் உட்காருவது?"

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. காரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். 'ஐயோ, வாயை அடக்கியிருக்கலாமே' என்று நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். தோளில் ஒரு பெரிய தீனி மூட்டை. அதைக் கொல்லையில் தொப்பென்று இறக்கிவிட்டு, என் முகத்தைப் பாராமலே சொன்னார்: "அத்தை, சரசுவுக்கு வயதாகிவிட்டது. கொஞ்சம் ஊறவைத்துக் கொடுங்கள்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பண்ணைக்காரர் பேச்சே எங்கள் வீட்டில் இல்லை.

இதோ, இதை எழுதும்போதும் சரசு என் காலடியில்தான் படுத்திருக்கிறாள். முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. ஆனாலும் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் புத்தகப் பையை எறிந்துவிட்டு முதலில் ஓடி வருவது எங்கள் இருவரிடமும்தான்.