சுவையும் மரமும்

மதுவின் தரத்தைப் பெயர்ப் பெருமை கொண்டு அளப்போர் உளர். ஸ்கொச் விஸ்கியே உயர்ந்தது, அமெரிக்கரின் போர்பனை விரும்புவோர் சுவையறியாதார் என்பது அன்னோர் கூற்று. இது ஆராயத்தக்கது.

போர்பனுக்குரிய தானியக் கலவையில் 51 வீதத்துக்குக் குறையாது சோளம் இருத்தல் வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக்கலத்திலேயே அது முதிர்தல் வேண்டும். இவை அமெரிக்கச் சட்டத்தின் விதிகள். சோளம் இனிமையைத் தருகின்றது. கருகிய புதுமரம் வனிலாவின் மணத்தையும், காய்ச்சிய சீனிப்பாகின் சுவையையும், செந்நிறத்தையும் ஈகின்றது. கென்ரக்கியின் கடுங்கோடை மதுவை மரத்தினுள் ஆழச் செலுத்துதலின் இம்மாற்றம் விரைந்து நிகழ்கின்றது. ஸ்கொட்லாந்திலோ குளிர்ந்த காலநிலையில், பெரும்பாலும் பழைய கலங்களில், மது மெல்ல முதிர்கின்றது. முளைகட்டிய வாற்கோதுமையைச் சதுப்பு நிலத்துப் பீற் எரித்து உலர்த்துதலாற் சிலவற்றிற் புகைமணமும் ஏறுகின்றது. ஆகவே, இனிமையை நாடும் நாவுக்குப் போர்பன் உவப்பாதல் இயல்பே.

இங்கு சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒருமுறை பயன்பட்ட கலத்தில் மீண்டும் போர்பனை முதிர்விக்கச் சட்டம் இடந்தராது. அக்கலங்களே கடல் கடந்து சென்று ஸ்கொச்சின் பெரும்பகுதியை முதிர்விக்கின்றன. மரத்தின் முதற்சாரத்தை ஒருவர் விரும்புகின்றார்; எஞ்சிய சாரத்தை மற்றவர் விரும்புகின்றார். போர்பனை இகழ்வோரின் கிண்ணத்திலும் அதன் சுவடு உண்டு.