கண்ணுக்கு விட்ட மருந்து

கண் வைத்தியர் தந்த துளிமருந்து நெஞ்சை அடைக்கும் என்று சொன்னால் எவரும் எளிதில் நம்பமாட்டார்கள். எங்கள் பத்திரிகையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒப்புநோக்காளராக இருந்த அண்ணரும் நம்பவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும்வரை, இரவுப் பணியில் எங்கள் ஆசிரிய பீடம் புகைக்கூண்டாகவே இருந்தது. அண்ணரோ ஒன்றில் இருந்து மற்றதைப் பற்றவைப்பவர். நாட்பட்ட சுவாசத்தடை நோய் வந்தது. வீட்டில் அதற்குப் பெயர் 'முட்டு'.

எழுபதைத் தாண்டிய பின்னர் அவருக்குக் கண்ணழுத்தமும் கூடிற்று. டிமோலோல் என்ற துளிமருந்து கிடைத்தது. சில நாட்களில் முட்டு மோசமாகி இரவில் உறக்கமே போயிற்று. நெஞ்சுக்கு ஒரு கிளினிக் கொப்பி, கண்ணுக்கு வேறொரு கொப்பி. ஒன்றை மற்றவர் பார்ப்பதில்லை. கடைசியில் அவரது சட்டைப் பையில் இருந்த சிறு போத்தலைக் கண்டுபிடித்தவர் ஓர் இளம் வைத்தியர்.

விளக்கம் எளிமையானது. கண்ணில் விடும் மருந்து கண்ணீர்க் குழாய் வழியாக மூக்கினுள் இறங்கி நேரே இரத்தத்தில் கலக்கிறது. விழுங்கிய மாத்திரையைப் போல் அது முதலில் ஈரலைக் கடப்பதில்லை. டிமோலோல் பீற்றா தடுப்பு மருந்து. கண்ணழுத்தத்தைக் குறைக்கும் அதுவே மூச்சுக் குழாய்களைச் சுருக்கவும் கூடும். நல்ல நுரையீரல் அதைப் பொருட்படுத்தாது. புகையால் கெட்ட நுரையீரல் தாங்காது. வேறு வகைத் துளிமருந்துக்கு மாற்றியதும் அண்ணருக்கு மூச்சு வந்தது.

இது ஒருவழிப் பாதையன்று. முட்டுக்காக ஆண்டுக்கணக்கில் எடுக்கும் ஸ்டீரோயிட் மாத்திரை கண்வில்லையின் பின்புறத்தில் புரை படியச் செய்யும், கண்ணழுத்தத்தையும் கூட்டும். உறிஞ்சும் 'பம்ப்'பில் அபாயம் குறைவு. ஆயினும் அளவும் காலமும் கூடினால் கவனம் வேண்டும். அதற்காக மருந்தை நாமாகவே நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. ஆவி பிடிக்கும் முகமூடி சரியாகப் பொருந்தாமல் இப்ராற்றோப்பியம் கண்ணில் பட்டால், கண்ணின் கோணம் குறுகியவர்களுக்குத் திடீரெனக் கண்ணழுத்தம் ஏறலாம். முகமூடியை இறுக்கிப் பிடியுங்கள் என்று தாதிமார் சொல்வது வெறும் கண்டிப்பு அல்ல.

மருந்துகளை விடுங்கள். புகையே நேரடியாகக் கண்ணைத் தாக்குகிறது. கண்புரை புகைப்பவருக்கு முந்தி வருகிறது. விழித்திரையின் நடுவே, எழுத்தை வாசிக்க உதவும் மஞ்சட்புள்ளி முதுமையில் சிதையும் அபாயம் அவர்களுக்குக் குறைந்தது இரு மடங்கு. புகைத்தல் பார்வையைப் பறிக்கும் என்று அவுஸ்திரேலியாவில் சிகரட் பெட்டியிலேயே படத்துடன் அச்சிட்டார்கள். நம்மவர்கள் புற்றுநோய்க்கு அஞ்சுவார்கள், மாரடைப்புக்கு அஞ்சுவார்கள். கண் போகும் என்று நினைப்பவர் குறைவு.

அண்ணருக்கு அது தெரியவந்த விதம் தொழிலுக்கேற்றது. ஒரு நாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, மூன்றாம் பக்கத்தில பத்திக்கோடு வளைஞ்சு கிடக்குது. உங்கட ஆக்கள் பாக்கிறேல்லையோ?" என்றார். கோடு நேராகத்தான் இருந்தது. நேர்கோடு வளைந்து தெரிவது மஞ்சட்புள்ளி நோயின் அடையாளம். அப்படித் தெரிந்தால் நாள் கடத்தாமல் கண் வைத்தியரிடம் போகவேண்டும். அவர் போனார். கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். இருக்கும் பார்வை நிற்கிறது.

மற்றக் கண்ணில் புரை முற்றியிருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு அசையாமல் மல்லாந்து படுக்கவேண்டும். அண்ணருக்குப் படுத்தால் இருமல். வெட்டும் நேரத்தில் ஓர் இருமல் வந்தாலும் கண்ணுக்கு ஆபத்து. நெஞ்சைச் சீராக்கிக்கொண்டு வாருங்கள் என்று திகதியைத் தள்ளிவிட்டார்கள். இப்போது பின்னேரங்களில் விறாந்தை வாங்கில் தலையணையை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு, வானொலிச் செய்தி முடியும்வரை இருமாமல் படுத்துப் பழகுகிறார். நேற்று இரண்டு தலையணையில் பன்னிரண்டு நிமிடம்.