பாலில்லாத கிரேப்

அன்புள்ள அக்கா,

பேரனுக்குப் பால் சேரவில்லை, புதுச்சேரி ஒயிட் டவுன் கடையில் ஒருநாள் தின்ற கிரேப் என்கிற பிரெஞ்சு தோசைதான் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான், பாலுக்குப் பதில் என்ன ஊற்றுவது என்று கேட்டிருந்தாய்.

பால் ஊற்றாத தோசை பிரான்சுக்குப் புதிதல்ல. மேற்குக் கோடியில் பிரெத்தாஞ் என்றொரு பகுதி. பக்வீட் மாவு, தண்ணீர், உப்பு: அங்குள்ள பழைய தோசையான கலேத்துக்கு இவ்வளவுதான். கோதுமையைக் குத்தகைக்கும் சந்தைக்கும் அனுப்பிவிட்டு, சாரமற்ற மண்ணிலும் விளைகிற பக்வீட்டைத் தின்றார்கள். வெண்ணெய்க்குப் பேர்போன சீமை அது. ஆனாலும் மாவில் பால் விழவில்லை. கலேத்தோடு மோர் குடித்தார்கள், இன்றும் குடிக்கிறார்கள். எனக்கு நம் வில்லியனூர்தான் ஞாபகம் வந்தது. விடியலில் கறந்தது சொசைட்டிக்குப் போய், அங்கிருந்து குருமாம்பேட் பாண்லே பால் நிலையத்துக்குப் போய்விடும். வீட்டுக் கூழுக்கு மோர்.

கோதுமை மாவில் செய்கிற கிரேப்புக்குத்தான் பால். பிப்ரவரி 2, கிறிஸ்துமஸிலிருந்து நாற்பதாம் நாள், சாந்தெலெர் திருநாளுக்கு வீட்டுக்கு வீடு சுடுவார்கள். இடக்கையில் காசை வைத்துக்கொண்டு வலக்கையால் கிரேப்பைத் தூக்கிப்போட்டுப் பிடித்தால் வருஷமெல்லாம் பணம் தங்குமாம். பிரெஞ்சுப் படையில் இருந்த நம் ஊர் சொல்தா குடும்பங்களும் இங்கே சுடுகின்றன. பால் ஆகாதவர்கள் இருந்தால் பாரிஸின் லா ஷப்பேல் ஈழத்தமிழர் கடையில் தேங்காய்ப்பால் டப்பா வாங்கிவந்து கரைத்துவிடுவார்கள்.

உனக்கு டப்பா எதற்கு? கால் கிலோ மைதா, மூன்று முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. அரை லிட்டர் பாலுக்குப் பதில் அதே அளவு இரண்டாம் தேங்காய்ப்பால். முதல் பாலை அப்படியே ஊற்றாதே, கொழுப்பு மிகுந்து திருப்பும்போது பிய்யும். தண்ணீர் மட்டும் ஊற்றினால் வெளுத்துப்போய் வறட்டென்று இருக்கும். பாலிலுள்ள புரதமும் சர்க்கரையும்தான் கிரேப்புக்கு அந்தப் பொன்னிறத்தைத் தருகின்றன. தேங்காய்ப்பாலில் இரண்டும் குறைவு என்பதால் ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்துக்கொள். சோயாப்பாலில் புரதம் உண்டு, நன்றாகச் சிவக்கும். வாசனைதான் எனக்குப் பிடிக்காது. மாவு அரைமணி நேரம் ஊறட்டும். கல்லில் வெண்ணெய்க்குப் பதில், வழக்கம்போல் அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய். இங்கே பிரான்சில் மாவில் பியர் ஊற்றுகிறவர்களும் உண்டு. ஆப்பமாவுக்குக் கள் விட்ட ஊர்க்காரர்கள் நாம், முகம் சுளிக்க முடியாது. ஆனாலும் குழந்தைக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் மருத்துவரிடம் தெளிவாகக் கேள்: லாக்டோஸ் செரிக்கவில்லையா, பால் புரதமே ஒவ்வாமையா? முதலாவது தென்னிந்தியப் பெரியவர்களிடம் சர்வசாதாரணம்; புளித்த மோரில் லாக்டோஸ் குறைவதால் கொஞ்சம் தாங்கும். இரண்டாவது என்றால் மோர், தயிர், நெய் எதுவும் ஆகாது. ஆட்டுப்பால் கொடுக்கலாமா என்றாயே, அதிலும் லாக்டோஸ் உண்டு. பசும்பால் புரதம் ஒவ்வாதவர்களுக்குப் பெரும்பாலும் அதுவும் ஒவ்வாது.

உள்ளே தடவ அவன் நூத்தெலா கேட்பான். வாங்கிவிடாதே, அதில் பால்பொடி இருக்கிறது. கொழுக்கட்டைக்குக் கிளறுகிற பூரணம் வைத்துச் சுருட்டிக் கொடு.

அன்புடன்,
தம்பி